படுத்துக்கொண்ட பேனல்

குன்சஸுக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவக்கும். பனிமலை ஊரான ஸ்காமரில் நவம்பர் பிறந்தாலே எல்லாருக்கும் மூக்கு சிவந்துதான் இருக்கும் என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. அவள் வாயைத் திறந்தால்தான் தெரியும்.

இந்த வருஷம் கோபா முறை அவள் வீட்டுக்கு. சன்ஸ்கார் பக்கம் கோபா என்கிற ஊர்த்தலைவர் பதவி தேர்தலில் வருவதில்லை, வீடு வீடாகச் சுற்றி வரும். அப்பா ராணுவ லாரி ஓட்டிக்கொண்டு ஜம்முவில் இருக்கிறார். ஆகவே கோபாவின் முத்திரை, ஊரிலேயே முதன்முதலாக டிகிரி வாங்கிய இருபத்துநாலு வயசுக்காரியின் கைக்கு வந்துவிட்டது. ஊர் ஆண்களுக்கு அது தொண்டையில் முள்.

சுகாதார நிலையத்துக்கு சோலார் கரண்டு தர அரசாங்கம் ஒத்துக்கொண்டு, மாதிரிக்கு இரண்டு பேனல்களை நட்டுவிட்டுப் போயிருந்தது. ஒன்று மோட்டார் வைத்தது. சூரியன் போகும் பக்கமெல்லாம் தானாகத் திரும்பும். இன்னொன்றில் ஒரு சக்கரம். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று கையால் சுற்றித் திருப்ப வேண்டும். வேண்டுமானால் செங்குத்தாகவும் நிறுத்தலாம். எது வேண்டும் என்று டிசம்பர் பதினைந்துக்குள் கோபா எழுதி முத்திரை குத்த வேண்டும். அதுதான் இருபத்தைந்து வருஷத்துக்கு.

போன பிப்ரவரியில் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துபோய், சுகாதார நிலையத்தில் ஒரு பிரசவம் செல்போன் டார்ச்சில் நடந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் குன்சஸ்.

கூட்டத்தில் முரூப் மாமாதான் முதலில் எழுந்தார். "கையால திருப்புறதா? நாம என்ன போரடிக்கிற மாடா? அந்த மிஷினுக்கு மூளை இருக்கு. அது பாத்துக்கும். நமக்கு எதுக்கு வேலை?"

"மூளை இருக்கிறவங்களுக்குத்தான் மாமா வேலை ஜாஸ்தி. நீங்க ஓய்வா இருக்கிறப்பவே தெரியுதே" என்றாள் குன்சஸ்.

முரூப்பின் மனைவி சோரோல் அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மைனஸ் இருபத்தஞ்சுல யாரு போய்ச் சுத்துறது?"

"ஊர் ஆட்டை மேய்க்க வீட்டுக்கு ஒரு நாள்னு முறை வெச்சிருக்கோம்ல? அதே முறைதான்."

"ஆடு பால் குடுக்கும். இது?"

"வெளிச்சம் குடுக்கும். காப்பாத்த வேண்டிய உசுருக்கு அது போதும்."

கடைசியில் ஒரு உடன்பாடு. முதல் பெரிய பனி விழட்டும். இரண்டு பேனலிலும் ஒவ்வொரு கரண்டுக் கெட்டிலை மாட்டலாம். எந்தக் கெட்டில் கொதிக்கிறதோ அந்தப் பேனல்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி காற்றோடு பனி அடித்தது. மோட்டார் பேனலுக்கு ஒரு புத்தி. காற்று பலமாக வீசினால் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க மல்லாந்து படுத்துவிடும். படுத்தது. விடிந்து பார்த்தால் அதன்மேல் ஒரு முழம் பனி மெத்தை. சக்கரப் பேனலைக் குன்சஸ் முதல் நாள் மாலையே செங்குத்தாக நிறுத்தியிருந்தாள். பனி சறுக்கி அடியில் குவிந்து கிடந்தது.

அந்தக் குவியலைத் தள்ள மண்வெட்டியோடு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். முரூப் மாமா கையில் காலிக் கூடை. மோட்டார் பேனலின் வெள்ளை மெத்தை கன்னங்கரேலென்று இருந்தது.

"மாமா, என்ன பண்ணீங்க?"

"விவசாயம்."

விதைப்புக்கு முன்னால் வயல் பனி சீக்கிரம் உருகட்டும் என்று அதன்மேல் மண் தூவுவது ஊர் வழக்கம். அதற்கென்றே எல்லா வீட்டிலும் மண் சேர்த்து வைத்திருப்பார்கள். மாமா தன் வீட்டுப் பங்கில் பாதியைக் கொட்டியிருந்தார்.

"கறுப்பு மண்ணு வெயிலை இழுக்கும், பனி உருகிடும். உன் காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

"தந்தாங்க. பனி உருகினப்புறம் மண்ணு எங்க போகும்னு உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

பதினொரு மணிக்குள் பனி உருகத்தான் செய்தது. ஊரே கைதட்டியது. அடியிலிருந்து பேனல் வெளியே வரவில்லை, சேறு வந்தது.

"ஏங்க, பார்லி விதைச்சுடலாமா?" என்றாள் சோரோல்.

குன்சஸின் கெட்டில் குமுகுமுவென்று கொதித்தது. மாமாவின் கெட்டில் சாமி கும்பிடுகிற மாதிரி அமைதியாக இருந்தது. ஜெயித்தாயிற்று. அரசாங்கப் படிவம் கையில், பேனா கையில். எழுதத்தான் மனசு வரவில்லை. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"சேத்தைத் துடைங்க. மறுபடி பாக்கலாம்."

"பைத்தியமாடி உனக்கு? ஜெயிச்சுட்டே!" என்றாள் சோரோல்.

"மண்ணுதான் அத்தை தோத்துது. மிஷின் தோத்துதான்னு இன்னும் தெரியல. தெரியாம எழுதிட்டு இன்னொரு தடவை டார்ச் பிடிக்க என்னால முடியாது."

மாமா கொதிக்கும் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குன்சஸ் குறுக்கே பாய்ந்தாள். "சுடுதண்ணி வேணாம், கண்ணாடி வெடிச்சுடும்! துணி கொண்டு வாங்க!"

நாலு பேர் சேர்ந்து துடைத்தார்கள். பேனல் பளபளத்தது. இனி எழுந்து சூரியனைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. மோட்டார் 'க்ர்ர்' என்று முனகி ஒரு சாண் எழும்பி, அதோடு நின்றுவிட்டது. உருகிய தண்ணீர் கீல் வழியே நிழலில் இறங்கி மறுபடி உறைந்திருந்தது. பெட்டியில் சின்னதாக எழுத்துகள் மின்னின.

"என்ன சொல்லுது?" என்று மாமா அவளிடமே கேட்டார்.

"சர்வீசுக்குப் போன் பண்ணச் சொல்லுது."

மாமாவே பேசினார், ஊருக்கே கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில். லே நகரத்திலிருந்து தேன் மாதிரி ஒரு குரல். "கண்டிப்பா ஆள் அனுப்புறோம் சார். உங்க ரோடு மே மாசம் திறந்துடும்ல?"

"அதுவரைக்கும் இது என்ன பண்ணும்?"

"படுத்தே இருக்கும் சார். ஒண்ணும் ஆகாது."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. சுகாதார நிலையத்தின் சன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்ச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். பேனல் அலுங்காமல் திரும்பியது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மாமா."

குன்சஸ் 'கையால் திருப்புவது' என்று எழுதி முத்திரையை ஓங்கிக் குத்தினாள். மேஜை ஆடியது.

"முறைப் பட்டியலையும் எழுதிடு" என்றார் மாமா. "எங்க வீட்டுல ஆரம்பி. சுத்தப் போறது சோரோல் இல்ல, நான்."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று சோரோல் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "சாட்சி நீங்கதான்!"

குன்சஸ் பட்டியல் எழுத எடுத்த பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, மாமாவின் பெயரை மட்டும் அழிக்க முடியாதபடி மையில் எழுதினாள்.