காற்று முட்டும் கரை

தறிக்குழிக்குப் பின்னால் இருந்த மூலையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அகிலா தூண்டில் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் விளக்கு எரிந்தது. அழுகை அடங்கியிருந்தது. வாசலில் யாராவது புதிதாகச் செருப்பைக் கழற்றும்போது மறுபடி எழும்.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடி பண்றே இங்க? குளிப்பாட்ட தண்ணி எடுக்கப் போறாங்க. நீ தூண்டில எண்ணிக்கினு இருக்கறியே."

"டிரைவர் மாமா எந்த ஏரிக்குப் போயிருக்காருன்னு பாக்கறேன் சித்தப்பா."

"போன் போடு."

"பதினோரு தடவ போட்டாச்சு. ஸ்விட்ச் ஆஃப். அவங்க வூட்டுல கேட்டா, 'ஏரிக்குன்னாரு, எந்த ஏரின்னு நான் இன்னாத்தக் கண்டேன்'றாங்க."

"அப்ப வுடு. மூணு மணிக்கு எமகண்டம் பொறக்குது. ரெண்டே முக்காலுக்கு எடுத்தாவணும். மீன் புடிக்கப் போன ஆளுக்காகப் பொணத்த வெச்சிக்கினு ஒக்காந்திருக்க முடியுமா?"

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. காலை ஐந்தரைக்கு அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து தில்லையம்மாள் வாயே திறக்கவில்லை. இப்போதுதான் திறந்தாள்.

"அகிலா, நீ போய்க் கூட்டிக்கினு வா. அவரு வந்து முகம் பாக்காம எடுக்கக் கூடாது."

"அண்ணி, எமகண்டம்..."

"எமன் வந்துட்டுப் போயாச்சு. இனிமே எமகண்டம் இன்னா பண்ணப் போவுது?"

சித்தப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு பத்து.

பாண்டியன் அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பாவுக்கு அவரைத் தெரிந்தது நான்கு வருஷமாகத்தான். முதல் முறை பக்கவாதம் வந்து இடது கை விழுந்தபின், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கைப்பயிற்சிக்கு அழைத்துப் போவார்கள். முதுகுவலிக்காக பாண்டியனும் அங்கே வருவார். ஒரு கையை வைத்துக்கொண்டு பட்டுப் புடவை நெய்ய முடியாது. தறியை அகிலாவின் தம்பி குமரகுருவிடம் கொடுத்துவிட்டு, அப்பா எட்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் தலையாட்டுவார். அதற்கு மேல் பேச்சில்லை.

பாண்டியன் ஒரு தோல் பெல்ட்டில் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்திக் கொண்டுவந்தார். ஏரிக்கரையில் அதை அப்பாவின் இடுப்பில் கட்டி, ரீல் வைத்த தூண்டில் ராடின் அடியைக் குழாயில் செருகி, "ஒரு கை சும்மாத்தானே இருக்குது, சுத்துங்கண்ணே" என்றாராம். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அப்பா, கோணிய வாயோடு, "ரெண்டு கடி" என்றார்.

அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள். "இன்னா சொன்னீங்க?"

"ரெண்டு கடி. ரெண்டும் போச்சு."

அது முட்டைகூட நுழையாத சைவ வீடு. அப்பா பிடித்ததையெல்லாம் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். வந்ததும் பின்கட்டில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அது அம்மாவின் சட்டம். தெருவில், "திங்காத மீன எதுக்குய்யா புடிக்கிறே?" என்று கேட்பார்கள். "நான் நெய்ஞ்ச பொடவய நானா கட்டிக்கினேன்?" என்பார் அப்பா. பாண்டியன் மீன் சாப்பிடுகிறவர். ஆகவே இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அப்பாவின் தூண்டில் நரம்பில் வருவது ஏரிக்கு, பாண்டியனின் நரம்பில் வருவது குழம்புக்கு. கரையில் போன் கூடாது என்பதும் ஒப்பந்தத்தில் சேர்த்தி.

இரண்டாம் முறை வாதம் வந்து அப்பா படுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. நேற்று சாயங்காலம் பாண்டியன் வந்து, அப்பாவின் வாயருகே காதை வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இந்த மூலையிலிருந்து சில சாமான்களை எடுத்துப் போனார். எவை என்று யாரும் கவனிக்கவில்லை.

அகிலா வாலாஜாபாத் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருப்பதை வைத்து இல்லாததைக் கண்டுபிடித்தாள். மூங்கில் கழி இரண்டும் இருந்தன. மயிலிறகுத் தண்டில் செய்த தக்கைகள் ஏழும் டப்பாவில் இருந்தன. ஆகவே ஓரத்து மீனுக்குப் போகவில்லை. பாண்டியனுக்குப் பிடித்த கெளுத்திக்கு மண்புழு கோர்க்கும் சின்ன முள் அப்படியே இருந்தது. ஆகவே பாலாற்று மடுவுக்கும் போகவில்லை. ரீல் ராடு இல்லை. மாவைப் பிடித்து வைக்கும் சுருள் கம்பி இல்லை. ஈயக்குண்டுகளில் பெரியவை இரண்டும் இல்லை. வாய் அகன்ற கைவலையும் இல்லை.

வலையைக் காணோம் என்றதும் அவள் சற்று நின்றாள். பாண்டியன் மீனைச் செவுளில் விரல் விட்டுத் தூக்குகிறவர். கைவலை அப்பாவுடையது. செதில் உதிராமல் ஏந்தி, திரும்ப விடுவதற்கானது. பெரிய கட்லா இருக்கிறது என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தது திருப்புட்குழி ஏரியில்தான்.

ஸ்கூட்டியை எடுத்தாள். கார்த்திகை வெள்ளிக்கிழமை, மேகம் மூடியிருந்தது. பெங்களூர் சாலையில் லாரிகளை ஒட்டி ஓட்டும்போது, பார்த்தவுடன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதில் தயார் செய்தாள். ஒரே வாக்கியம். இரண்டாவது வாக்கியத்துக்குக் குரல் தாங்காது.

பெரிய ஈயம் என்றால் ஆழம். ஆழம் என்றால் மதகு. நேரே மதகுக்குப் போனாள். ஏரி நிரம்பித் தளும்பியது. மதகின்மேல் இரண்டு ஆடுகள் நின்றன. மனிதர் யாரும் இல்லை. பன்னிரண்டு ஐம்பது.

கணக்கு தப்பாகிவிட்டது என்று தெரிந்தது. எங்கே தப்பு என்று தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். வாடைக்காற்று அவள் குரலைத் தூக்கி எங்கோ தெற்கே கொண்டுபோயிற்று. முடியாமல் கிடந்த தலைமயிர் முகத்தில் அடித்தது. அதை ஒதுக்கும்போதுதான் பொறி தட்டியது. ஆழத்துக்காக இல்லை, காற்றுக்காக. காற்று எந்தக் கரையில் போய் முட்டுகிறதோ அங்கேதான் தீனி ஒதுங்கும், மீனும் ஒதுங்கும் என்பார் அப்பா. அந்தக் கரையில் நின்று காற்றை எதிர்த்து வீச வேண்டுமென்றால் லேசான ஈயம் போகாது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரக் கரைமேல் தெற்கே ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கரை வளைகிற இடத்தில், கருவேல மரத்தை ஒட்டி பாண்டியன் உட்கார்ந்திருந்தார். தலையில் துண்டு. இடுப்பில் அப்பாவின் குழாய் பெல்ட். இரண்டு கையும் நன்றாக இருக்கிறவருக்கு அது தேவையில்லை. திரும்பிப் பார்க்காமலே கையைத் தாழ்த்திக் காட்டினார்.

"மெதுவா வாம்மா, கரை அதிருது. அண்ணன் அனுப்பிச்சாரா? நம்பிக்க இல்ல பாரு மனுசனுக்கு. சொன்னா மாதிரியே பண்ணிட்டேன்னு சொல்லு. ஒரே முள்ளு. கழட்டறப்போ மீனு வாய் கிழியாம அதோட பல்ல நசுக்கிட்டேன். வலைய நனச்சு வெச்சிக்கினு இருக்கறேன். எனக்காவ இருந்தா ஆறு முள்ளு கட்டி இந்நேரம் நாலு ஜிலேபிக் கெண்ட இழுத்திருப்பேன்."

"மாமா..."

"அந்தக் கட்லா இருக்குதா போச்சான்னு பாத்துக்கினு வாடான்னாரு. பாத்துட்டு விட்டுட்டு வந்து சொல்லணுமாம். போன வருசம் அவரு புடிச்ச ஆறு கிலோ மீன என் கையாலயே தண்ணில விட வெச்சாரும்மா. ரெண்டு நாளு எனக்கு சோறு எறங்கல. நேத்து அரைமணி நேரம் வாய் கொழறிக்கினே பாடம்..."

அகிலா தயாராக வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. அவருக்குப் பக்கத்தில் ஈரப் புல்லில் உட்கார்ந்தாள்.

பாண்டியன் அப்போதுதான் அவளைப் பார்த்தார். அவிழ்ந்து கிடந்த தலையைப் பார்த்தார். கையிலிருந்த செருப்பைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார். நரம்பு காற்றில் மெல்ல இரைந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து ரீலைச் சுற்ற ஆரம்பித்தார். ஈயம் கரையேறியது.

"எப்போ?"

"காலைல அஞ்சரைக்கு."

"அஞ்சேகாலுக்கு மொத தடவ வீசினேன்." மனதில் எதையோ கூட்டிப் பார்த்தவர்போல, "அப்ப முள்ளு தண்ணிலதான் இருந்திருக்குது" என்றார்.

சுருள் கம்பியில் மிச்சமிருந்த மாவை வழித்து ஏரியில் போட்டார். முள்ளைத் துண்டின் நுனியில் துடைத்து, கார்க்கில் குத்தினார். வலையை உதறி மடித்தார். ஒன்றேமுக்கால் ஆகிவிட்டது. அகிலா அதைச் சொல்லவில்லை. வேறொன்றைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"மாமா, நீங்க மட்டும் இல்லன்னா அப்பா நாலு வருசத்துக்கு முன்னாடியே..."

"அந்த டப்பாவ மூடும்மா. ஈயம் உருண்டுடப் போவுது."

அவள் மூடினாள்.

எழுந்து நின்றவர், கையை மூக்கருகே கொண்டுபோய்விட்டு இறக்கினார். "மேலெல்லாம் ஏரி நாத்தம். உங்க வூட்டு ஆளுங்கல்லாம் நிப்பாங்க. நான் நேரா சுடுகாட்டுக்கே வந்துடறேனே."

"அம்மாதான் கூட்டிக்கினு வரச் சொன்னாங்க."

"அண்ணியா?"

"எமகண்டத்தயே நிறுத்தி வெச்சிருக்காங்க."

தன் டிவிஎஸ் வண்டியின் துவாரத்தில் சாவியைப் போட அவர் நான்கு தடவை முயன்றார். அகிலா சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, "பின்னாடி ஏறுங்க மாமா" என்றாள். ராடைத் தோளில் நிமிர்த்திப் பிடித்தபடி ஏறினார். ஒவ்வொரு வளைவிலும் "ஆரன் அடி" என்றார். பெரிய சாலையில் ஏறும்போது, "லாரிய வுட்டுட்டுப் போ" என்றார். வெள்ளைகேட் சந்திப்பைத் தாண்டிய பிறகு, முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. அவள் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாள்.

தெருவுக்குள் நுழையும்போது இரண்டு முப்பத்தைந்து. பாடையில் கிடத்தியாயிற்று. வாய்க்கரிசி முடிந்திருந்தது. ஈர வேட்டியோடு குமரகுரு கொள்ளிச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றான். மேளக்காரர்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள்.

"சீக்கிரம்பா, சீக்கிரம்" என்றார் சித்தப்பா.

பாண்டியன் தெருக்குழாயில் கையைக் கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார். பிறகுதான் கிட்டே போனார். அழுவார் என்று பெண்கள் காத்திருந்தார்கள். அவர் குனிந்து, நேற்று அப்பா அவர் காதில் பேசினதுபோலவே, அப்பாவின் காதருகே பேசினார். மேளம் நின்றிருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, தெக்குக் கரைலதான் ஒக்காந்தேன். காத்த எதுத்து முப்பது கெஜம் போச்சு. அஞ்சேகால்ல இருந்து ஒரு மணி வரைக்கும் பாத்தேன். நாலு தரம் மாவு மாத்தினேன். ஒண்ணும் தொடல. பொய் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு தரம் மேல வந்து பொரண்டுது. பெரிசுதான். அதுதானான்னு எனக்குத் தெரியலண்ணே."

சித்தப்பா மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தில்லையம்மாள் நிமிர்ந்தாள்.

"மாவுல இன்னா போட்டீங்க?"

பாண்டியன் திகைத்துப்போய், "கடலப் புண்ணாக்கு, தவுடு... அவ்ளோதான் அண்ணி" என்றார்.

"கம்பு சேக்கலியா?"

"இல்லியே."

"கம்ப செவக்க வறுத்துப் பொடிச்சு சேக்கணும். அந்த வாசனைக்குத்தான் அது வரும். அவருக்கு நான்தான் வறுத்துக் குடுப்பேன்."

அகிலா அம்மாவைப் பார்த்தாள். சுற்றி நின்ற பெண்களும் பார்த்தார்கள். அம்மா யாரையும் பார்க்கவில்லை.

"வறுத்து வெக்கிறேன். வந்து வாங்கிக்கினு போங்க."

"எவ்ளோ சேக்கணும் அண்ணி?"

"ஒரு படி புண்ணாக்குக்கு இவ்ளோ" என்று தில்லையம்மாள் கையை நீட்டி, விரல்களை மடக்கிக் காட்டினாள்.

சங்கு ஊதினார்கள். "தூக்குங்கப்பா" என்றார் சித்தப்பா. பெண்களின் அழுகை ஒரே சமயத்தில் எழுந்தது. மூங்கில்கள் தோளேறி, பாடை தெருமுனைப் பக்கம் திரும்பியது. பின்னால் பாண்டியன் வெறுங்காலோடு நடந்தார். அம்மாவின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது, அளவு காட்டிய பிடி மூடியபடி.