பூச்சியம் மில்லிகிராமும் ஒரு டப்பா மடு மண்ணும்

18

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. டென்மார்க்கின் அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு தம்பதியின் திருமண வெள்ளிவிழா நடந்த மண்டபத்தின் பின்கதவடியில் பிறந்தது. மாசி மாதம், மைனஸ் ஆறு. உள்ளே மட்டன் றோல்ஸ் சுடச்சுடப் போய்க்கொண்டிருந்தது. வெளியே கோட்டும் போடாமல் ஒரு மனிதர் நின்று வாயால் வெள்ளைப் புகையை விட்டுக்கொண்டிருந்தார். நான் நிக்கொட்டின் சுவிங்கத்தைச் சப்பியபடி பக்கத்தில் போய், கையிலிருந்த வேப்பில், அதாவது மின்சிகரெட்டில், எத்தனை மில்லிகிராம் நிக்கொட்டின் என்று கேட்டேன். எங்கள் ஆட்களுக்குள் இப்போது சுகம் விசாரிப்பது இப்படித்தான்.

"பூச்சியம், தம்பி," என்றார். "இதுக்குள்ள ஒண்டுமில்லை."

ஒன்றுமில்லாததை இழுப்பதற்காக ஒரு மனிதர் மைனஸ் ஆறில் விறைத்துக்கொண்டு நிற்கிறார். எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

அந்தோனிதாசன் கடைசிச் சிகரெட்டை நசுக்கியபோது கோபன்ஹேகனின் மீது பனி மெல்ல (பனி வேண்டாம். டென்மார்க்கைப் பற்றி எழுதும் தமிழர் எல்லாரும் முதல் வரியிலேயே பனியைக் கொட்டிவிடுகிறோம்.)

நிக்கொட்டின் என்பது புகையிலைச் செடி தன்னைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்ல (எனக்கே கொட்டாவி வருகிறது.)

டோஸ்ட்ருப்பில் ஒரு மனிதர் இருந்தார். அவருக்கு ஒரு மனைவி இருந்தாள். அவள் மடு மாதாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். (இது இருக்கட்டும்.)

இன்னொரு விஷயம். எனக்கு அடைப்புக்குறி ஒரு கெட்ட பழக்கம். கதை போய்க்கொண்டிருக்கும்போதே வெளியே போய் இரண்டு இழுவை இழுத்துவிட்டு வருவது போல. ஆகவே ஒரு ஏற்பாடு செய்கிறேன். அந்தப் பின்கதவு மனிதர், அந்தோனிதாசன், நிக்கொட்டினைக் குறைத்த கணக்கையே பகுதிகளுக்கு இலக்கமாக வைக்கிறேன்: பதினெட்டு, பன்னிரண்டு, ஆறு, மூன்று, பூச்சியம். அவர் குறைக்கக் குறைக்க நானும் குறைப்பேன். பூச்சியத்தில் ஓர் அடைப்புக்குறியும் இராது. (எண்ணிப் பாருங்கள்.)

12

அந்தோனிதாசனுக்கு ஐம்பத்தொன்பது வயது. இலங்கையில் மன்னார்ப் பக்கம். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து மடிக்கும் தொழிற்சாலையில் வேலை. மனைவி மேரிசெலின் வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். மாத்திரையை விழுங்க முடியாத கிழவர்களுக்கு அதைப் பொடியாக்கி அப்பிள் கூழில் கலந்து ஊட்டுவதில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை. (இந்த வசனத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள்.) ஒரே மகள் ஷரோன். தாதி. தகப்பன் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுவாள்.

மேரிசெலின் 1990இல் நாட்டை விட்டு வந்தவள். வரும்போது பிலிம் றோல் வரும் கறுப்பு டப்பா ஒன்றில் ஊர்ப்பக்கத்து மடு மாதா கோயில் மண்ணை நிரப்பிக்கொண்டு வந்தாள். மடு மண் பாம்பின் நஞ்சையே முறிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதன் பிறகு அவள் மடுவுக்குப் போகவேயில்லை. முதலில் போர், பிறகு ஷரோனின் படிப்பு, பிறகு கொரோனா. கடைசியில் எல்லாம் ஓய்ந்து போவதற்கு ஆயத்தப்படுத்தியபோது அந்தோனிதாசனின் இதயக் குழாய் அடைத்தது.

ஸ்டென்ட் வைத்த அன்று ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று அவள் நேர்த்தி வைத்தாள். மற்றவர்கள் என்றால் மெழுகுதிரி நேர்வார்கள், மொட்டை நேர்வார்கள். இவள், தன் மனுசன் புகையை விடும்வரை தான் மடுக் கோயில் வாசலை மிதிப்பதில்லை என்றும், விட்டதும் ஆவணித் திருநாளுக்கு அவரோடு வருவதாகவும் மாதாவுக்குச் சொல்லிவிட்டாள். (குற்றம் செய்யப்போவது ஒருவர், தண்டனை இன்னொருவருக்கு.) அந்தோனிதாசனுக்கு இதைக் கேட்டதும் ஒரு சிகரெட் தேவைப்பட்டது. (அது நியாயமான தேவை என்றே நினைக்கிறேன்.)

ஷரோன் ஓர் அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். சிகரெட்டுக்குப் பதில் வேப். முதலில் பதினெட்டு, மூன்று மாதத்துக்கொரு தரம் இறக்கம், முடிவில் பூச்சியம். இந்த நாட்டில் வேப்புக்குப் புகையிலை ருசியும் மெந்தோல் ருசியும் மட்டுந்தான் உண்டு என்பதால் அவர் மெந்தோலை எடுத்தார்.

6

ஆறில்தான் சிக்கல் தொடங்கியது. வேப் சளி பிடித்த குழந்தையைப் போலக் கரகரத்தது. உள்ளே திரவத்தைச் சூடாக்கும் சின்னச் சுருள் இரண்டு நாளைக்கொரு தரம் கருகியது. இழுத்தால் மெந்தோலோடு வேறு ஏதோ ருசி வந்தது. என்ன ருசி என்று அவருக்குப் பிடிபடவில்லை. மழை விட்ட பிறகு ஒழுங்கையில் நடந்தால் மூக்கில் ஏறுமே, அந்தச் சாதி வாசம் என்று பேனாட்டுக்குச் சொன்னார். பேனாட் அவரோடு விரிப்பு மடிப்பவன். நிக்கொட்டின் குறைந்தால் மூளை இப்படித்தான் விளையாட்டுக் காட்டும் என்று ஆறுதல் சொன்னான். (பேனாட் இன்னமும் சிகரெட்தான். ஆலோசனை சொல்ல அவனை விட்டால் ஆளில்லை.)

இந்த இடத்தில் எனக்கு அந்தோனிதாசன் மீது சந்தேகம் வந்ததையும் சொல்ல வேண்டும். இவ்வளவு சொன்னபடி கேட்கும் மனிதரை நம்பலாமா? ஆகவே அவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். அவர் பேனாட்டிடம் களவாக ஒரு சிகரெட் வாங்கி, சைக்கிள் கொட்டிலின் பின்னால் போய், நெருப்பைப் பற்றவைத்து

இல்லை. போகமாட்டேன் என்கிறார். சைக்கிள் கொட்டில் வரை கொண்டுபோய் விட்டேன், திரும்பி வந்துவிட்டார். அவருக்கு மேரிசெலினின் முகம் ஞாபகம் வருகிறதாம். (நானும் ஒரு நாளைக்கு யாருக்காவது இப்படித் திரும்பி வருவேனா தெரியாது.)

3

மூன்று மில்லிகிராமில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை. இரவில் வியர்த்தது, பகலில் கோபம் வந்தது, ஒருநாள் படுக்கை விரிப்பு ஒன்றைப் பார்த்துத் திட்டினார். தை மாதம் முதலாந் திகதி பூச்சியத்துக்கு இறங்கினார். ஷரோன் கேக் கொண்டுவந்தாள். டென்மார்க்கில் கேக் இல்லாமல் ஒரு விஷயம் முடிந்ததாகக் கணக்கில்லை. (எனக்கு இது கடைசி.)

0

தொழிற்சாலையில் புகைப்பவர்களுக்கு வெளியே போக ஐந்து நிமிடம் உண்டு. அந்தோனிதாசன் பூச்சியத்துக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்ட மேற்பார்வையாளர், அப்படியானால் எதற்கு வெளியே போகிறீர் என்று மரியாதையாகக் கேட்டார். இவர் யோசித்துவிட்டு, பழக்கம் என்றார். ஒன்றுமில்லாததற்கு இடைவேளை கொடுக்கலாமா என்ற கேள்வி தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் போனது. பிரதிநிதி கூட்டம் வைத்தார். கோப்பியும் கறுவாப்பட்டை போட்ட கனேல் பணிசும் வந்தன. வாழ்நாளில் புகைக்காத ஆறு பேர் எழுந்து, தாங்களும் வருடக்கணக்காக ஒன்றும் இழுக்காமல்தான் இருக்கிறோம், எங்கள் ஐந்து நிமிடம் எங்கே என்று கேட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. ஒரு செயற்குழு அமைத்தார்கள். அது இன்னமும் கூடிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக் கூட்டம் அவ்வளவு நீளவில்லை. டிக்கட் போடுவோமா என்று அவர் கேட்டபோது மேரிசெலின் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாதாவுக்கு நான் சொன்னது, விடுவார் எண்டு," என்றாள். "குறைப்பார் எண்டு சொல்லேல்லை."

பூச்சியத்துக்குக் கீழே எப்படிக் குறைப்பது என்று அவர் கேட்டார். கையில் இருப்பதைக் கீழே வைப்பதுதான் வழி என்று அவள் சொன்னாள். அவரால் அது முடியவில்லை. பதினெட்டிலிருந்து பூச்சியம் வரை வந்தவருக்குப் பூச்சியத்திலிருந்து வெறுங்கைக்கு வர முடியவில்லை. நாளுக்கு முப்பது தரம் பல்கனிக்குப் போய் ஒன்றுமில்லாததை இழுத்தார். வெட்கமாகவும் இருந்தது.

0

மறுபடியும் பூச்சியமா என்று கேட்பீர்கள். பூச்சியத்துக்கு அடுத்த இலக்கம் எனக்கும் தெரியாது, அந்தோனிதாசனுக்கும் தெரியாது.

வைகாசியில் வேப் முற்றாக அடைத்துக்கொண்டது. வாங்கிய கடைக்குக் கொண்டுபோனார். கழுத்து முழுக்கப் பச்சை குத்திய கடைக்காரன் சுருளைச் சாவணத்தால் எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். தோட்டத்தில் விழுத்தினீரா என்று கேட்டான். தங்கள் வீடு மூன்றாம் மாடி, தோட்டம் இல்லை என்றார். அப்படியானால் இது மண் என்றான். சுருளில் மட்டுமில்லை, கொண்டுபோன திரவப் போத்தலின் அடியிலும் இருந்தது. இவ்வளவு மண் அடைத்தால் ஆவி வராது, ஒரு வருடமாக நீர் பெரும்பாலும் வெறுங்காற்றைத்தான் இழுத்திருப்பீர் என்றும் சொன்னான்.

அந்தோனிதாசன் ரயிலில் வரும்போது அந்த ருசி என்னவென்று கண்டுபிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து நேரே மாதா படத்தின் பின்னால் கையை விட்டு, கறுப்பு டப்பாவை எடுத்துத் திறந்தார். அடி தெரிந்தது.

மேரிசெலின் மறைக்கவில்லை. பதினெட்டின் முதல் போத்தலிலிருந்தே ஒவ்வொன்றின் மூடியையும் கத்தி நுனியால் நெம்பி, மண்ணை அரித்து மாவாக்கி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி வைத்திருக்கிறாள். நிக்கொட்டின் நஞ்சு என்று டொக்டர் சொன்னாராம். நஞ்சுக்கு மருந்து வீட்டில் இருக்கும்போது சும்மா இருப்பதா என்று கேட்டாள். நஞ்சு பூச்சியமான பிறகும் ஏன் போட்டாய் என்றால், மருந்தைப் பாதியில் நிறுத்தக்கூடாதாம்.

ஷரோன் கேள்விப்பட்டுக் கத்தினாள். முதல் தடவையாகத் தமிழில் கத்தினாள். சுவாசப்பைக்குள் மண் போட்ட தாயை உலகத்தில் எந்த மருத்துவப் புத்தகத்திலும் தான் வாசிக்கவில்லை என்றாள். தகப்பனைக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்தாள். படத்தில் ஒன்றுமில்லை. வாசகர்களே, அதை நம்பி நீங்கள் இந்தப் பரீட்சையில் இறங்கவேண்டாம். அந்தோனிதாசன் நான் எழுதும் ஆள். நீங்கள் அப்படியில்லை.

நிக்கொட்டினிலிருந்து அவரை இறக்கியது தன் அட்டவணை என்று ஷரோன் சொல்கிறாள். அடைத்த சுருள் என்று கடைக்காரன் சொல்கிறான். சுருளை அடைக்கவைத்தது யார் என்று மேரிசெலின் கேட்கிறாள். நான் ( — மன்னிக்கவும். பழக்கம்.

அந்தோனிதாசன் இந்த விவாதத்தில் சேரவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கு முன் முப்பத்தைந்து வருடத்தில் அவள் அதை மூன்றே தரம்தான் திறந்தாள் என்று அவருக்குத் தெரியும். அவருடைய தாய் சாகக் கிடந்தபோது ஒரு தரம், ஷரோன் பிறந்த அன்று ஒரு தரம், இந்த வீட்டு நிலைப்படிக்கு ஒரு தரம். கூடப்பிறந்தவள் கேட்டும் கொடுக்கவில்லை. அதை முழுவதும் அவர் ஊதித் தள்ளியிருக்கிறார். டோஸ்ட்ருப் ஸ்டேசனடியில், சைக்கிள் கொட்டிலடியில், நாங்கள் சந்தித்த வெள்ளிவிழா மண்டபத்தின் பின்கதவில்.

"ஒரு பொட்டுக்கூட மிச்சம் பிடிக்கேல்லையே?" என்று கேட்டார்.

"மண் அங்கை இன்னும் கிடக்கு," என்றாள். "உங்களை நான் எங்கை போய் அள்ளுறது?"

அந்தோனிதாசன் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, தான் விட்டுவிட்டதாகவும் டிக்கட் போடும்படியும் சொன்னார். அவள் அவருடைய சட்டைப் பையைப் பார்க்கவில்லை. சொன்னதை நம்பி டிக்கட் போட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

0

முடிவுகள் மூன்று எழுதி வைத்திருந்தேன்.

முதலாவதில் அவர் வேப்பைக் குப்பையில் போடப் போகிறார். கீழே பத்து வகைத் தொட்டி. பற்றரி ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம், மிச்சத் திரவம் ஆபத்தான கழிவு. வேப்போ கழற்ற முடியாமல் ஒட்டியது. நகரசபைக்குத் தொலைபேசி எடுக்கிறார். வரிசையில் பதினேழாவது ஆள் என்று குரல் சொல்கிறது. காத்திருக்கும் நேரத்தில் ஒரு இழுவை இழுக்கிறார். இது எனக்குப் பிடித்த முடிவு, ஆனால் மேரிசெலினுக்கு இதில் இடமில்லை.

இரண்டாவதில் மடு மண்ணில் விழுந்து கும்பிடும்போது வேப் பையிலிருந்து துள்ளி விழுகிறது. சினிமா. கிழித்துவிட்டேன்.

மூன்றாவதில் அவர் உண்மையாகவே விட்டுவிடுகிறார். இதை எழுத உட்கார்ந்தபோது என் வாயில் சுவிங்கம் இருந்தது. நான் துப்பாததை அவரைத் துப்பவைக்க எனக்கு என்ன தகுதி?

ஆகவே எல்லாரையும் கஸ்ட்ருப் விமான நிலையத்துக்குக் கூட்டி வந்துவிட்டேன். ஆவணித் திருநாளுக்கு ஆறு நாள் இருக்கிறது. பாதுகாப்புச் சோதனை வரிசை. பற்றரி உள்ள சாமானைப் பெரிய பெட்டியில் அனுப்ப விடமாட்டார்கள் என்பதால், அவர் வேப்பைக் கொண்டுவந்திருந்தால் அது இப்போது அவரோடுதான் இருக்கவேண்டும். தட்டில் இடுப்புப் பட்டியை வைக்கிறார். மணிக்கூட்டை வைக்கிறார். செபமாலையை, பிறகு கழுவித் துடைத்த வெறும் கறுப்பு டப்பாவை வைக்கிறார். கை சட்டைப் பைக்குப் போகிறது.

மேரிசெலின் ஏற்கெனவே மறுபக்கம் போய்விட்டாள். அவர் விட்டிருக்காவிட்டால் அவள் சண்டை போடமாட்டாள். மடு வரைக்கும் வருவாள். கோயில் வாசலுக்கு இப்பால், வெயிலுக்குள் நின்று அவரை மட்டும் உள்ளே அனுப்பி, மண் அள்ளிக்கொண்டு வாருங்கோ என்பாள். முப்பத்தைந்து வருடம் காத்திருந்தது வாசலைப் பார்ப்பதற்கு மட்டும் என்றாகிவிடும். அந்தோனிதாசனுக்கு இது தெரியும்.

தட்டு நகர்கிறது. நான் மறுபக்கம் திரும்பி நிற்கிறேன். பார்த்தால் எழுதவேண்டி வரும். வரிசையில் அவருக்கு அடுத்து நிற்பது நீங்கள்தான். தட்டு உங்கள் மூக்கு நேரே போகிறது. அந்தோனிதாசன் நிமிரவில்லை. மேரிசெலின் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி அவரைப் பார்க்காமல், முன்பின் தெரியாத உங்களைப் பார்த்து, தமிழ் முகம் என்று கண்டு, கேட்கிறாள்.

"பிள்ளை, இவரின்ரை தட்டிலை டப்பாவோடை வேறை ஏதும் கிடக்கே?"