இரண்டாவது பிரேக்

மருத்துவமனையில் சேர வேண்டிய நாளன்று நாத்தனார் காலையிலேயே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிய கையோடு அண்ணியின் பையை வாங்கி, துண்டு, சோப்பு, பல் துலக்கும் பிரஷ் என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். சீப்பையும் உள்ளே வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை மட்டும் திரும்ப எடுத்து, சத்தம் வராமல் மேசைமேல் வைத்தாள். அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகாது அண்ணி. தைரியமா இருங்க" என்று சொல்லி நாத்தனார் அவளுடைய தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அண்ணிக்குப் பயம் வந்தது அப்போதுதான். டாக்டர் சொன்னபோது இவ்வளவு பயம் வரவில்லை. இந்த நாத்தனாரும் அவளும் கல்யாணமான நாளிலிருந்து எலியும் பூனையும். ஒரு நாற்காலியை எங்கே போடுவது என்பதில் ஆரம்பித்த சண்டையை வருஷக்கணக்காக வாடாமல் வளர்த்தவர்கள். அப்படிப்பட்டவள் வந்து தலையைத் தடவுகிறாள் என்றால், தன் கதை முடிந்ததாக ஊரே பேசி வைத்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஸ்கூல் என்றால் ஒரு பெயர்ப் பலகை, ஒரு பழைய வெள்ளைக் கார், அவள், அவ்வளவுதான். கற்றுக்கொள்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளை 'பிரேக்கக்கா' என்பார்கள். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியில் இன்னொரு பிரேக் இருக்குமல்லவா, வண்டியில் ஏறிய நிமிஷம் முதல் இறங்கும்வரை அவளுடைய வலது கால் அதன்மேலேயே இருக்கும். வாய் அதைவிட வேகம். "கண்ணு ரோட்டுல இருக்கா, பரலோகத்துல இருக்கா?" என்று அவள் போடுகிற சத்தத்தில் சைக்கிளில் போகிறவர்கள்கூட இறங்கி நின்றுவிடுவார்கள். அவளிடம் திட்டு வாங்கி ஓட்டக் கற்றவன் எங்கேயும் இடிக்க மாட்டான் என்று பேர். மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தாலும் அவள் கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டே வரும்.

ஒரு நாள் பாடத்தின் நடுவே எதிரே வந்த ஒரு பேருந்து இரண்டாகத் தெரிந்தது. இரண்டுக்கும் சேர்த்து பிரேக் போட்டாள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி இழைப்பவர். கட்டின பெண்டாட்டிக்குக் கண் சரியில்லை என்றால் கடைக்கே அவமானம் என்று, அவளை உட்காரவைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் எழுத்துகள் ஜோடி ஜோடியாகவே நின்றன. அவர் முகம் மாறிப்போய், கண் டாக்டரிடம் அனுப்பினார். கண் டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது.

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று ஓரிடத்தில் மெலிந்து, குமிழ்போலப் புடைத்து நின்றது. மூளை டாக்டர் அதைப் பேனாவால் வரைந்து காட்டினார். அது வெடிக்கலாம். வெடித்தால் அநேகமாக மருத்துவமனைக்கு வந்து சேர நேரமிருக்காது. மண்டையைத் திறந்து, அந்தக் குமிழின் கழுத்தில் ஒரு கிளிப் போட வேண்டும்.

"துணி காயப்போடும்போது மாட்டுவோமே, அந்த மாதிரி கிளிப்பா டாக்டர்?" என்று கேட்டாள்.

"கிட்டத்தட்ட" என்றார் அவர். சிரிக்கவில்லை. குமிழ் இருக்கும் இடம் சரியில்லை, கை எட்டாத மூலை என்றார். பேச்சு போகலாம், ஒரு பக்கம் கை கால் வராமல் போகலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அதற்கடுத்ததைச் சொல்லாமல் பேனாவை மூடினார். அறுவை சிகிச்சை முடியும்வரை கத்தக்கூடாது, கனமாகத் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது. பிரஷர் ஏறக்கூடாது. வண்டியை அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் ஓட்டவே கூடாது.

அன்றிலிருந்து வீடு செத்துப்போனது. அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. கத்துவதற்கு ஒருவருக்கு இன்னொருவர்தான். ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கும், கதவைச் சாத்தாமல் போனதற்கும் வாய்க்கு வாய் பேசி, சாப்பிடும்போது சமாதானமாகிவிடுகிற வீடு அது. இப்போது அவள் என்ன சொன்னாலும் கணவர் "சரிம்மா" என்றார். உப்பு இல்லாத சாப்பாட்டை நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். வேண்டுமென்றே அவருடைய சட்டையை எங்கோ ஒளித்துவைத்துப் பார்த்தாள். அவர் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பயமாக இருக்கிறது என்று அவள் வாயெடுத்தாலே, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று மூடிபோட்டார். மருந்துக்கடைக்காரர், மாடி வீட்டம்மா, போன் செய்த சொந்தங்கள், எல்லோரும் அதே மூடியைத்தான் கொண்டுவந்தார்கள். பானைக்குள் பயம் கொதித்துக்கொண்டே இருந்தது. குளிக்கும்போது குனியப் பயம். தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுத்தால் காதுக்குள் நாடித்துடிப்பு கேட்டது. ஒவ்வொரு துடிப்பும் அந்தக் குமிழில் போய் முட்டுவதாக எண்ணிக்கொண்டு விழித்திருந்தாள்.

"டாக்ஸி சொல்லியாச்சா அண்ணா?" என்று நாத்தனார் கேட்டாள்.

கணவர் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தார். "நான் ஓட்டுறேன்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போய், அவர் சொந்த வீட்டு கேட்டையே இடிக்க, அவள் தெருவே கேட்கும்படி திட்ட, "இனிமே ஸ்டியரிங்கைத் தொட்டா என் பேரை மாத்திக்கிறேன்" என்று சபதம் போட்டவர் அவர். அன்று முதல் அவருக்கு எல்லாம் பேருந்துதான்.

"வெளையாடாதீங்க. உங்களுக்கு ஓட்டத் தெரியாது."

"லைசென்ஸ் வாங்கிட்டேன்."

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

அவர் சாவியைப் பார்த்தார். "ஹார்ன்காரர்கிட்ட" என்றார்.

ஹார்ன்காரர் என்பது பக்கத்துத் தெருவில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவர். பிரேக் போட வேண்டிய இடத்திலெல்லாம் ஹார்ன் அடிக்கச் சொல்லித் தருகிறார் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிற ஆசாமி. போயும் போயும் அங்கே!

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"ஸ்கேன் வந்த மறுநாள்."

நாத்தனார் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அண்ணிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. ஸ்கேன் வந்த மறுநாள் அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கடையில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு இவர் அங்கே கியர் மாற்றக் கற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப நான் திரும்பி வரமாட்டேன்னு முடிவே பண்ணிட்டீங்க. நாளைக்கு வண்டிக்கு ஆள் வேணுமேன்னு தயாராயிட்டீங்க."

"ஆபரேஷனுக்கப்புறம் நீ ஓட்டக்கூடாதுன்னாங்கல்ல. உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்குத்தான்..."

"பொய்!"

அது கத்தல்தான். அவர் பதறி அவள் வாயைப் பொத்த வந்தார். அவள் அவரையே பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவள் சொன்னதும் பொய்யில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. போய் காரில் ஏறினாள், தன் வழக்கமான பக்கத்து இருக்கையில். நாத்தனார் வாசலில் நின்று, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே கையசைத்தாள்.

கணவர் கண்ணாடி இழைக்கிற அதே கவனத்தோடு வண்டியை எடுத்தார். முதுகு நிமிர்ந்து, மூக்கு ஸ்டியரிங்கில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். கியர் சரியாகத்தான் மாற்றினார். திரும்ப வேண்டிய இடத்தில் விளக்குப் போட்டார். ஹார்ன்காரன் பரவாயில்லையே என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது பெரிய நாற்சந்தி வந்தது. சிவப்பு விளக்கு விழுந்தது. முன்னால் ஒரு லாரி நின்றிருந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருந்த எழுத்துகள் ஜோடி ஜோடியாகப் பெரிதாகி வந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கால் அசையவில்லை.

அவளுடைய வலது கால் அதன் வேலையைச் செய்தது. வண்டி குலுங்கி, லாரிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவள் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். வெடித்துவிட்டதா, இல்லையா என்று உள்ளே காதுகொடுத்துக் கேட்டாள். நாடி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க பிரேக் போடல?"

"நீ போடுவேன்னு நெனச்சேன்."

பிறகுதான் சொன்னார். ஹார்ன்காரர் ஒரு நாளும் அவரைத் தானாக பிரேக் போட விட்டதில்லையாம். நிறுத்த வேண்டிய இடத்திலெல்லாம் அவரே தன் பக்கத்துப் பிரேக்கை அமுக்கிவிடுவாராம். பரீட்சைக்கும் அதே காராம், அதிகாரி பின்னால் உட்கார்ந்திருந்தாராம், ஹார்ன்காரர் பக்கத்தில் இருந்தாராம்.

"நான் இல்லன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

கல்யாணமானதிலிருந்து அவர் வாழ்ந்ததே அவள் போடுகிற பிரேக்கில்தான். கடன் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லையென்று சொன்னது அவள். போதும் வாங்க என்று கடையிலிருந்து இழுத்துவந்தது அவள். விளக்கு பச்சையாகி, பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. இவர்கள் வண்டி அசையவில்லை.

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

அவர் மூடி போடவில்லை. ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "எனக்கும்" என்றார். "எனக்குச் சாப்பாடே எறங்க மாட்டேங்குது. அந்த டாக்டர் பேனாவை மூடினாரே, அதையே நெனச்சுக்கிட்டிருக்கேன்."

பகிர்ந்துகொண்டால் பாரம் பாதியாகும் என்பார்கள். அது மூட்டைக்குச் சரி. பயம் பாதியாகவில்லை. அவளுடையது அப்படியே இருந்தது, கூடவே அவருடையதும் வந்து சேர்ந்துகொண்டது. ஆனாலும் இத்தனை நாளில் முதல்முறையாக அவள் மூச்சை முழுசாக இழுத்து விட்டாள்.

அதன்பின் அவள் செய்ததைக் கேட்டால் எந்த டாக்டரும் தலையில் அடித்துக்கொள்வார். இரண்டு கால்களையும் தூக்கி இருக்கைமேல் மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.

"இனிமே நான் தொடமாட்டேன். எல்லாம் நீங்கதான். எடுங்க."

"வேணாம்மா. எறங்கி டாக்ஸி பிடிச்சுக்கலாம்."

"எடுங்கன்னா எடுங்க. கண்ணு ரோட்டுல இருக்கட்டும்."

வண்டி நத்தையாகப் போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் சீக்கிரமாகவோ தாமதமாகவோ பிரேக்கை மிதித்தார். ஒவ்வொரு குலுக்கலிலும் அவள் கண்ணை மூடி, தலைக்குள் அந்தக் குமிழை நினைத்துக்கொண்டாள். மடித்த காலை அவள் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது, அது இறங்கப் பார்த்துக்கொண்டே இருந்தது. மருத்துவமனை வாசலில் காவலாளி கைகாட்டிய கோட்டைத் தாண்டி, பாதி வண்டி உள்ளே போனபிறகு நின்றது.

அவர் வேர்த்து வழியத் திரும்பிப் பார்த்தார். "எப்படி?"

"ஃபெயில்" என்றாள். "கோட்டைத் தாண்டிட்டீங்க. இன்னும் நெறைய கத்துக்கணும்."

அவர் தலையாட்டினார். பாஸ் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இவருக்கு ஓட்ட வந்துவிட்டால் அப்புறம் தான் எதற்கு என்று ஒரு பைத்தியக்காரக் கணக்கு. இன்னும் கற்க வேண்டியது இருக்கிறவரை கற்றுக்கொடுக்கிறவளை யாரும் கூட்டிக்கொண்டு போய்விட மாட்டார்கள் என்று சின்னப்பிள்ளைபோல நம்பிப் பார்த்தாள். நம்பிக்கை ஒட்டவில்லை.

மறுநாள் காலை நர்ஸ் வந்து தலையின் ஒரு பக்கத்தை மட்டும் மழித்தாள். மழித்த பக்கத்தில் மின்விசிறிக் காற்று ஜில்லென்று பட்டது. கணவர் அந்தப் பக்கத்தைப் பார்க்காமல், முடி இருந்த பக்கமாக வந்து நின்றுகொண்டார். அவள் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டாள். அவர் "இதை இங்கயா போடுவே?" என்றார். போட்டதே அதைக் கேட்கத்தான்.

"வீட்டுச் சாவி பையில முன்பக்க அறையில இருக்கு. ராத்திரி கதவைச் சாத்திப் படுங்க" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல இருந்தது. அதற்குள் தள்ளுவண்டியோடு ஆள் வந்துவிட்டான்.

நீண்ட தாழ்வாரம். படுத்தபடி போகும்போது மேலே விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன, ஒவ்வொன்றும் இரண்டாக. வண்டி தள்ளுகிறவன் வேகமாகத்தான் தள்ளினான். திருப்பத்தில் நிதானிக்கவில்லை, எதிரே யாராவது வருவார்களோ என்று பார்க்கவில்லை. பாவி, இவன் மட்டும் என்னிடம் கற்றுக்கொள்ள வந்திருந்தால் என்று நினைத்தாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். நாக்கு வறண்டிருந்தது. கணவர் வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பாதி ஓட்டமாகக் கூடவே வந்தார்.

பெரிய கதவு ஒன்று தெரிந்தது. அதற்கு முன்னால் தரையில் தடிமனாக ஒரு சிவப்புக் கோடு.

"சார், நீங்க கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னுக்கங்க" என்றான் வண்டி தள்ளுகிறவன்.

அவர் நிற்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவள் பிரேக்கை அமுக்காமல் அவர் எங்கேயும் நின்றதில்லை. அவள் தலையைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தாள்.

கணவர் விளிம்பிலிருந்து கையை எடுத்தார். கோட்டுக்கு ஒரு விரற்கடை முன்னால், செருப்பு நுனிகூடத் தாண்டாமல், தானாகவே நின்றார்.

வண்டி நிற்கவில்லை. போர்வைக்குள் அவளுடைய வலது கால், ஒன்றுமில்லாத இடத்தில், முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே போனது.