சாவுச் சீஸ்

சோதனைக்குச் சீஸைக் குத்தி எடுக்கும் துளைக்குழலை அழுத்தப் போனபோதுதான் ரொமேன் அந்த வடுவைக் கண்டாள். யாரோ முன்பே சீஸ் வட்டைக் குத்தி எடுத்து, துளையின் வாயை மூடி, கட்டைவிரலால் மெழுகியிருந்தார்கள்.

மாடியில் அப்பா மீசை சீவப்பட்டுப் படுத்திருந்தார். நிலவறைச் சன்னலில் பனிமூட்டம் பால்போல் வந்து நின்றது. கோயில் மணி தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது.

"அக்கா, அவரை இன்னும் அடக்கம்கூடப் பண்ணல. அதுக்குள்ள சோதனையா?" தம்பி ஜெர்வே படியில் நின்றான்.

தன் கல்யாணத்தன்று காய்ச்சாத பாலில் செய்து, தன் சாவுக்கென்று அப்பா எடுத்துவைத்த வட்டு. கல்லறையிலிருந்து திரும்புகிறவர்கள் ஆளுக்கொரு துண்டு தின்ன வேண்டும். தின்னாதவர் செத்தவரை மன்னிக்கவில்லை என்று பொருள்.

"முடிவு வர நாளாகும். அதுவரைக்கும் மெலானி இதைத் தொடக் கூடாது. கிருமி இருந்தா அவளுக்குச் சும்மா காய்ச்சல்தான் வரும், ஆனா வயித்துல இருக்கற குழந்தை போயிடும்."

"என் பொண்டாட்டி தின்னே தீருவேன்னு நிக்கறா. போன வருஷம் அவர் வட்டையெல்லாம் மண்ணுல புதைக்க வச்சே. இப்ப இதையுமா?"

அவற்றில் கிருமி இருக்கிறதென்ற ஆய்வக அறிக்கையில் ரொமேன்தான் கையெழுத்திட்டிருந்தாள். அதன்பின் அப்பா அவளிடம் பேசவில்லை.

"இதை யாரு குத்தினா?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா, மெலானி முழுகாம இருக்கற விஷயத்தைச் சொன்ன வாரம், சியோன் டவுனுக்குக் கூட்டிட்டுப் போடான்னாரு அப்பா. உன் ஆய்வகத் தெருவுல இறங்கிக்கிட்டாரு. பல் டாக்டராம். வாயில ஒத்தப் பல் இல்லையே, எதுக்குப்பான்னு கேட்டேன். உன் வேலையைப் பாருன்னாரு."

ரொமேன் குழலைக் கீழே வைத்தாள்.

இந்த வசந்தத்தில் ஆய்வக வாசலில் ஒரு பொட்டலம் கிடந்தது. பெயரில்லை. குழலால் குத்தியெடுத்த, கல்லாய் இறுகிய பழைய சீஸ் துண்டு. அவள்தான் சோதித்தாள். எதுவும் வளரவில்லை. முடிவு கேட்டுப் போன் செய்த கிழவர், சுத்தம் என்றதும் போனை வைத்துவிட்டாராம். உடன் வேலை செய்கிறவள் சொல்லிச் சிரித்தாள். ரொமேனும் சிரித்தாள்.

அடக்கம் முடிந்து, ஈரக் கோட்டுகளோடு ஊர் வந்து உட்கார்ந்தது. ரொமேன் தோலைத் தடிமனாகச் சீவி ஒதுக்கினாள். வட்டின் நடுவிலிருந்து வெட்டிய முதல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

"அண்ணி, எனக்கு?" மெலானி பயந்தபடி தட்டை நீட்டினாள்.

ரொமேன் வைத்தாள். ஜெர்வே தலையைக் குனிந்துகொண்டான்.

எல்லோரும் மென்றுகொண்டிருந்தார்கள். ஒதுக்கிய தோல்களுக்கிடையே அந்த மெழுகிய வடு கிடந்தது. அப்பாவின் விரல் ரேகைகூடத் தெரிந்தது. ரொமேன் தன் கட்டைவிரலை அதில் வைத்துப் பார்த்தாள்.

இடம் மிச்சமிருந்தது.