தொண்ணூறுக்குக் கேட்ட காலர் அக்கா

காலர் அக்கா எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதாக வரலாறே கிடையாது. சட்டைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் காலர் தைத்ததால் வந்த பெயர் அது. பேரம் மட்டும் கூடவே பிறந்தது. மூட்டுவலியால் வேலையை விட்டு இரண்டு வருடமாகிவிட்டது; இப்போது வீட்டில்தான் கொஞ்சம் தையல். அந்தத் தொழிற்சாலை பொதுமக்களுக்குப் பங்கு விற்கப்போகிறது என்று தெரிந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதில் ஒரு துளியாவது தன் பேரில் இருக்க வேண்டும்.

செல்போனிலேயே விண்ணப்பம் போட்டாள். குறைந்தது ஒரு லாட் கேட்க வேண்டும், அதாவது நூற்றைம்பது பங்கு. ஒரு பங்கின் விலை தொண்ணூறு ரூபாயிலிருந்து நூறு வரை என்று போட்டிருந்தது. தொண்ணூறு என்று அவர்களே சொல்லும்போது நூறு கொடுக்க அவளுக்கென்ன பைத்தியமா? தொண்ணூறைப் போட்டாள். அதற்கான பணத்தை வங்கி அவள் கணக்கிலேயே முடக்கி வைத்தது.

கடைசி நாள் மாலை நான்கு மணிக்கு, வங்கியில் வேலை பார்க்கும் நாத்தனாரைக் கூப்பிட்டுப் பெருமையடித்தாள். எதற்கெடுத்தாலும் சிரிக்கும் நாத்தனார் அன்று சிரிக்கவில்லை.

"அண்ணி, இது காய்கறிக் கடை இல்ல. எல்லாரும் என்ன விலைக்குக் கேக்கறாங்கன்னு பாத்துட்டு ஒரே விலையா முடிவு பண்ணுவாங்க. இருக்கற கூட்டத்துக்கு நூறுதான் வரும். தொண்ணூறுக்குக் கேட்டவங்களுக்கு ஒண்ணுகூடக் கிடைக்காது. கட்-ஆஃப்னு ஒரு கட்டம் இருக்கும், அதைத் தட்டுங்க. என்ன விலை வந்தாலும் எடுத்துக்கறேன்னு அர்த்தம்."

என்ன விலை வந்தாலுமா? அவளுக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் தட்டப் போனாள். அதற்கு இன்னும் ஆயிரத்தைந்நூறு வேண்டும், கணக்கில் இல்லை. ஐந்து மணிக்கு விண்ணப்பத்தை மூடிவிடுவார்கள். கணவர் பேருந்து ஓட்டுநர். ஓட்டும்போது போன் பைக்குள்தான் கிடக்கும். மூட்டுவலியை மறந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.

நாலரைக்கு அவருடைய வண்டி வந்தது. ஏறி, அவர் முதுகுக்குப் பின்னால் நின்று மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் விஷயம் கடைசி இருக்கை வரை போய்விட்டது. இறங்க வேண்டிய இரண்டு பேர், முடிவு தெரியாமல் இறங்குவதாக இல்லை என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

கடைசி நிறுத்தத்தில் வண்டியை அணைத்தபோது நாலே முக்கால் தாண்டியிருந்தது. அவர் போனை எடுத்தார்.

"ஆயிரத்தைந்நூறுதானா, இல்ல அதுலயும் கொஞ்சம் குறைக்கணுமா?"

அவள் முறைத்தாள். பணம் வந்தது. கட்-ஆஃப் கட்டத்தைத் தட்டினாள். வங்கி சம்மதம் கேட்டது. முதல் தடவை ரகசிய எண்ணைத் தப்பாகப் போட்டாள். இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டபோது மணி நாலு ஐம்பத்தாறு. வண்டியே கைதட்டியது.

நாத்தனார் சொன்னபடியே விலை நூறு என்று முடிவானது. இருந்த பங்கைப்போல் பதினோரு மடங்கு கேட்டிருந்தார்களாம், அதனால் குலுக்கல். அந்த ஒரு வாரம் அவள் தைத்ததைவிடப் பிரித்ததுதான் அதிகம். ஒருநாள் காலையில் செய்தி வந்தது: நூற்றைம்பது பங்கு, அவள் பேரில். தையல் மிஷின்மேல் தலையைச் சாய்த்து, சந்தோஷம் தாங்காமல் அழுதாள்.

பங்கு சந்தைக்கு வந்த அன்று நூற்று முப்பதில் தொடங்கியது. நாத்தனார் போனில் குதித்தாள். விற்றால் நல்ல லாபம், எத்தனை விற்கப்போகிறீர்கள் என்று கேட்டாள்.

"வருஷத்துக்கு ஒருதடவை பங்குதாரருங்க கூட்டம் நடக்குமாமே. அதுல எழுந்து கேள்வி கேக்க எத்தனை பங்கு வேணும்?"

"ஒண்ணு இருந்தாப் போதும் அண்ணி. எதுக்கு?"

"காலர் பிரிவுல நாப்பது பேருக்கு ரெண்டே ஃபேன். பத்தொம்பது வருஷம் சூப்பர்வைசர்கிட்டக் கேட்டேன், காதுலயே போட்டுக்கல. நூத்தம்பதும் இருக்கட்டும். இந்தத் தடவை முதலாளியா கேக்கப்போறேன்."