காலுக்கடியில் உதறிய பிரேக்

என் பழைய காரின் கதவைச் சாத்தினால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். மாப்பிள்ளையின் சின்னக் கார்க் கதவு தீப்பெட்டியை மூடுகிற சத்தம்தான் போடும். இதை நம்பி எப்படி ஏறுகிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

"உங்க வண்டி கப்பல் மாமா. கப்பலை ரோட்டுல ஓட்டுற ஒரே ஆளு நீங்கதான்."

அன்றைக்குக் காலையில் பேத்திக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. மகள் வேலைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு வலது கை மாவுக்கட்டில். டாக்டர் இருப்பதோ மலைக்குக் கீழே. என் கப்பல் இரண்டு தரம் இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் தீப்பெட்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

மாப்பிள்ளை பின்சீட்டில் குழந்தை நாற்காலியில் பேத்தியை உட்கார வைத்து, ஒற்றைக் கையால் வாரை மாட்டிவிட்டு, முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காய்ச்சல்காரப் பிள்ளையைக் கட்டிப் போடணுமா? மடியில வெச்சுக்குங்க."

"கட்டலேன்னா உங்க மக என்னைக் கட்டிப் போட்டுடுவா. நீங்களும் பெல்ட்டைப் போடுங்க, இல்லேன்னா வண்டி கத்தும்."

கத்தியது. என் வண்டி இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட என்னை அதட்டினதில்லை.

தூறலில் இறங்கினோம். பழைய வண்டியில் ஸ்டியரிங் கனக்கும், ரோடு எப்படி இருக்கிறது என்று உள்ளங்கை சொல்லும். இதில் ஒன்றும் தெரியவில்லை. பயந்துகொண்டேதான் ஒரு வளைவைத் திரும்பினேன். நடுரோட்டில் ஒரு லாரி நின்றிருந்தது. பின்பக்கம் இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

மிதித்தேன். பிரேக் காலுக்கடியில் கடகடவென்று உதறியது, உயிருள்ள எதையோ மிதித்துவிட்ட மாதிரி. கீழே ஏதோ உடைந்துபோச்சு என்றுதான் நினைத்தேன். என் வண்டியில் ஈர ரோட்டில் விட்டு விட்டுத்தான் மிதிக்கணும், இல்லாவிட்டால் சக்கரம் இறுகி வழுக்கும். அந்தப் பழக்கத்தில் காலை எடுத்துவிட்டேன். வண்டி பாய்ந்தது.

"எடுக்காதீங்க மாமா! உதறினா உதறட்டும், மிதிச்சுட்டே இருங்க!"

நான் யார் பேச்சையும் கேட்கிறவன் இல்லை. அப்போது கேட்டேன். எழுந்து நிற்கிற மாதிரி மிதித்தேன். உதறல் முழங்கால் வரைக்கும் ஏறியது. உதறிக்கொண்டே வண்டி நின்றது. கம்பி நுனியில் கட்டியிருந்த சிவப்புத் துணி எங்கள் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு ஆடியது.

பின்னால் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பாருங்க" என்றேன்.

பார்த்தார். "முழிச்சுட்டிருக்கா. வாரைச் சப்புறா."

மடியில் வைக்கச் சொன்ன வாய் இது. அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

"நின்னாச்சு மாமா. விட்டு விட்டு மிதிக்கிறதை இந்த பிரேக்கே பாத்துக்கும், அதான் உதறல். காலை எடுங்க."

"எடுக்கணுமா, எடுக்கக் கூடாதா? ஒண்ணைச் சொல்லுங்க."

"இப்ப எடுக்கலாம்."

"முதல்ல ஹேண்ட்பிரேக்கை இழுங்க."

இடது கையை வளைத்து இழுத்தார்.

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா கையோட வந்துடும் மாமா."

லாரிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினான். அப்போதும் நான் மிதித்துக்கொண்டேதான் இருந்தேன்.