சுவரிலிருந்து இறங்கிய மூவர்

மலேசியாவின் தங்காக் ஊரில், தோமஸ் வீட்டு ஹால் சுவரிலிருந்து விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகிய மூன்று பெண்களும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இறங்கி வந்தார்கள். அன்று மழை இல்லை.

ஜனவரியில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாளன்று வாசல் நிலையில் ஆண்டை எழுதுவதற்கு மாதா கோயிலில் சுண்ணக்கட்டி மந்திரித்துக் கொடுப்பார்கள். அந்த வருஷம் வெள்ளை கிடைக்காமல் சிவப்பு வந்தது. மிஞ்சிய பெட்டி, கோயில் மணி அடிக்கும் தோமஸ் கையில் தங்கிவிட்டது. மந்திரித்ததைக் குப்பையில் போடக் கூடாது, மண்ணில் புதைக்க வேண்டும். மனைவி டோரிஸைப் புதைத்து வருஷம் திரும்பாத மனிதருக்கு இன்னொரு குழி தோண்ட மனம் வரவில்லை. சுவரில் வரைந்தே தீர்த்தார். சிலுவையோடு விசுவாசம், நங்கூரத்தோடு நம்பிக்கை, இடுப்பில் பிள்ளையோடு அன்பு.

இறங்கிய வாரமே விசுவாசம் பாடகர் குழுவில் சேர்ந்து கோயிலோடு இருந்துவிட்டாள். நம்பிக்கை, பஸ் நிலையத்தில் காத்திருப்பவர்களோடு நிற்கப் போனாள். அன்பு மட்டும் வீட்டில் தங்கினாள். பேசமாட்டாள். சோறு வடிப்பாள், தோமஸ் இருமினால் திரும்பிப் பார்ப்பாள். ஆறேழு மாதம் அப்படியே ஓடியது. திரும்பிப் பார்க்க ஓர் ஆள் இருப்பதே அவருக்குப் பெரிய காரியமாக இருந்தது.

ஒரே மகள் மெலிசா நான்கு வருஷத்துக்கு முன் சுகுமாறனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். கோயிலில் நடக்காத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று வீம்பு பிடித்தவர், தாயின் அடக்கத்துக்கு வந்த மகளிடமும் முகம் கொடுக்கவில்லை. ஆகஸ்ட்டில், ஜொகூர் பாருவில் மெலிசாவுக்கு ஐந்து மாதக் கரு கலைந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் வந்து சொன்னாள். தோமஸ் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அன்பை பஸ் ஏற்றிவிட்டார். இடுப்புப் பிள்ளையைப் பேச்சியம்மாளிடம் விட்டுப் போகச் சொல்லும் அளவுக்கு அவருக்கு விவரம் இருந்தது.

“நீங்களே போலாமே லா,” என்றாள் பேச்சியம்மாள், பிள்ளையை வாங்கிக்கொண்டே.

முட்டி வலி என்றார் தோமஸ். அன்று காலையும் மணிக்கூண்டு ஏறி இறங்கிய முட்டிதான் அது.

அன்பு அன்று மாலையே திரும்பிவிட்டாள். வந்தவள் முதன்முறையாக வாய் திறந்தாள்.

“ஆள் அனுப்ப வேணாமாம். நீங்க வரணுமாம்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் தோமஸ் தனியாகப் போனார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே போனவர், மகள் இருக்கும் பதினோராவது மாடியில் லிஃப்டிலிருந்து இறங்கிக் கதவைத் தட்டினார். மெலிசா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள்.

“நாலு வருஷமா, லிஃப்ட் நிக்கிறப்பல்லாம் நீங்கதான்னு நெனச்சேன்பா,” என்றாள்.

தோமஸ் செருப்பைக் கழற்றி, சுகுமாறனின் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.